பத்து ஐம்பதுக்கு வந்த கணக்கு

புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாக உன் விடுதிக் காப்பாளர் சொன்னார். ஒன்பது நாளாக என் மகளைப் பற்றி ஊராரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. உன் சித்தி ஆபீஸ் வேலையாக நாளை உன் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து, நீ பிரித்துப் படித்து முடிக்கும்வரை நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அவளைக் கால் கடுக்க நிற்க வைக்காதே.

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போகிறேன். மாடிக்குப் போனதும் எதற்கு வந்தோம் என்று மறந்து வெறுங்கையோடு இறங்குகிறேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. இரண்டு நாள் இதே கதைதான். இந்தக் கடிதத்தையும் மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இனிக் கிழிப்பதாக இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன வாரம் திங்கட்கிழமை காலை பத்து ஐம்பதுக்கு நீ அனுப்பிய கணக்கு என் திரையில்தான் வந்து விழுந்தது.

நான் வேலை பார்க்கும் இடத்தை நீ பார்த்ததில்லை. ஒரு நீள அறை, பன்னிரண்டு நாற்காலி. எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் தங்களுக்கு வராத கணக்கைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அல்ஜீப்ராவோ திரிகோணமிதியோ கால்குலஸோ, பதினைந்து நிமிடத்துக்குள் படிப்படியாகப் போட்டு அனுப்ப வேண்டும். அனுப்பியவர் பெயர் எங்களுக்குத் தெரியாது, ஓர் எண்தான் தெரியும். ஐந்தாறு கம்பெனிகளின் பெயரில் வரும் கேள்வியெல்லாம் இந்த ஓர் அறைக்குத்தான் வருகிறது. அது உனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பாயா?

இரண்டு வளைகோடுகளுக்கு நடுவில் உள்ள பரப்பைக் கேட்ட கணக்கு. கேள்வித்தாளுக்குப் பக்கத்தில் நீ போட்டு அடித்த நாலு வரியும் படத்தில் இருந்தது. அடைப்புக்குறிக்கு முன்னால் நின்ற மைனஸை முதல் உறுப்புக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டிருந்தாய். பரப்பு மைனஸில் வந்து நின்றது. அடித்துவிட்டு, திரும்பவும் அதே தப்பையே செய்திருந்தாய். எட்டாம் வகுப்பிலிருந்து நான் பார்க்கும் தப்பு அது. கையெழுத்தைப் பார்க்குமுன்பே நீதான் என்று தெரிந்துவிட்டது. காலையில்தான் போன் செய்து, 'பத்து மணிக்குப் பரீட்சைம்மா, வேண்டிக்கோ' என்று சொல்லியிருந்தாய்.

நடக்கிற பரீட்சையின் கேள்வி என்று தெரிந்தால் நாங்கள் பதில் எழுதக் கூடாது. மேலாளருக்குத் தெரிவிக்க ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்த வேண்டும். போன மாதம் யாரோ ஒரு பிள்ளைக்கு நான் அழுத்தினேன். அந்தப் பிள்ளைக்கு ஒரு வருடம் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லிவிட்டு, மதியம் ஒரு வாய் குறையாமல் சாப்பிட்டேன்.

உனக்கு அழுத்த என் கை வரவில்லை. கணக்கைப் போட்டுக் கொடுக்கவும் மனம் வரவில்லை. பதினான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிடத்தில், உனக்கு ஆயிரம் தடவை சொன்ன அதே வரியைத் தட்டினேன்: 'மைனஸ் வெளியே நின்னா, உள்ளே இருக்கிற ஒருத்தரையும் விடாது.' உலகத்தில் வேறு எந்த வாத்தியாரும் இப்படி எழுத மாட்டார். நீ பார்த்துவிட்டாய் என்று திரை காட்டியது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கணக்கைப் போட்டாயா, அப்படியே எழுந்து போய்விட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது.

நீ காப்பியடித்தாய் என்பதைவிட, யாரென்றே தெரியாதவர்களிடம் போய்க் கேட்டாயே என்பதுதான் என்னை அரிக்கிறது. ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று உன்னைத் திட்டிக்கொண்டே நாலு நாள் போனது. ஐந்தாம் நாள்தான் புத்தி வந்தது. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை 'நல்ல முயற்சி' என்று எழுதுகிறேன். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது கம்பெனி விதி. நீ பத்தாம் வகுப்பில் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, 'இதுகூடத் தெரியலைன்னா எதுக்குடி படிக்கிறே' என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். நீ நோட்டை மூடிக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கணக்கும் கேட்டதில்லை. நானோ, பெண் தானே படித்துக்கொள்கிறாள் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். என் வாய் செய்த வேலை இது. மன்னித்துக்கொள்.

இனிச் சொல்லப்போவதற்கு நீ என்னைத் திட்டலாம். இந்த வாரம் திங்கட்கிழமை மேலாளரிடம் நானே போய், பரீட்சைக் கேள்வி என்று தெரிந்தே குறிப்புக் கொடுத்தேன், அது என் மகள் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, 'ஏம்மா சொன்னீங்க, யாருக்கும் தெரிஞ்சிருக்காதே' என்றார். போன மாதத்துப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு தாய் பாலைப் பொங்க விட்டுக்கொண்டு நின்றிருப்பாள்தானே? அவள் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா? என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. இப்போது என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். உன் கல்லூரிக்கு அவர் எழுதியாக வேண்டும். எனக்காக வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் அப்பாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அதுவரை, பரீட்சை முடிந்த அலுப்பில் இருப்பாய் என்று எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், 'நம்ம பொண்ணு தலையில நீயே கல்லைப் போட்டுட்டியே' என்று கத்தினார். நேற்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. ஆனால் உன் அறையைக் கூட்டி, மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நீயாகப் போய் உன் பேராசிரியரிடம் சொல்லிவிடு. மேலாளரின் கடிதம் போன பிறகு சொன்னால் பிடிபட்டவள் ஆவாய். முன்னால் சொன்னால் ஒத்துக்கொண்டவள். தண்டனை இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. வருடம் போனால் போகட்டும். வருடம் போனவர்கள் எல்லோரும் வாழாமலா போனார்கள்?

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஒன்பதரைக்கு அங்கே வந்துவிடும். உன் துறைக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு இருக்கிறதே, அதில் உட்கார்ந்திருப்பேன். உன்னைத் தேடி விடுதிக்கு வர மாட்டேன். அழைக்கவும் மாட்டேன். நீ மாடியேறிப் போனாலும் சரி, போக முடியாமல் கீழேயே நின்றாலும் சரி, கடைசி பஸ்வரை அங்கேதான் இருப்பேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

உனக்கு எந்தக் குறையும் வரக் கூடாது என்று நொடிக்கு நொடி வேண்டிக்கொள்ளும்,

உன் அம்மா