அப்பாவின் வண்டிக்குப் பாடி கட்டிய கதை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, அப்பாவுக்கு இப்போது அந்தக் குறைகூட இல்லை. போனில் நீ கேட்டபோதெல்லாம் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன் அல்லவா, நன்றாக இல்லாததால்தான் அப்படிச் சொன்னேன், அம்மாவை மன்னித்துக்கொள். இப்போது நிஜமாகவே நன்றாக இருப்பதால் ஒன்று விடாமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதுகு ஆபரேஷன் முடிந்து வந்தபோது டாக்டர் அப்பாவிடம், இனிமேல் பத்துக் கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொன்னார். உனக்கு அதைச் சொன்னோம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லவில்லை. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் பத்துக் கிலோவுக்கு மேல் தூக்காமல் என்ன செய்வார் சொல். ஒரு மெஷின் எழுபது கிலோ, நம் பிக்கப் வண்டியின் தொட்டியோ இடுப்புக்கு மேல் உயரம். ஏற்றி இறக்க இரண்டு ஆள் வைத்தால் ரிப்பேர்க் கூலி அவர்களுக்கே சரியாகப் போயிற்று. மூன்று மாதம் கடை ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. டிவியில் செய்தி வாசிக்கிறவரோடுகூடச் சண்டை போடுகிற மனுஷர் வாயே திறக்காமல் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் வண்டியை விற்றுவிடலாம் என்றார். வாங்க ஒரு ஆள் வந்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தொட்டியின் ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டினார், துருப்பிடித்த தகடு அப்பளம் மாதிரி உடைந்து அவர் கையோடு வந்துவிட்டது. அதை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இன்றைக்கு அவர் வந்தால் உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுப்பேன்.

ஏனென்றால் அந்தத் தகடு உடைந்த சத்தம் கேட்டுத்தான் தீப்பொறி வந்தாள். தெரு முனையில் புதிதாக வெல்டிங் பட்டறை போட்டிருக்கிற பெண், கேட், கிரில் எல்லாம் செய்கிறவள், தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "தொட்டிதான் போச்சு, வண்டி போகலையே! கழட்டிப் போட்டுட்டு மட்டமா, தாழ்வா ஒரு பாடி கட்டிடலாம். பின்னாடி சாய்பலகை, முன்னாடி கையால சுத்துற வின்ச். கம்பியை மாட்டிச் சுத்தினா மெஷின் தானா ஏறி வரும். இனிமே தூக்குற வேலையே கிடையாது, இழுக்குற வேலைதான்" என்றாள். அப்பா ஜன்னலுக்குள்ளிருந்து, "அதெல்லாம் பணம் உள்ளவங்க பேச்சு" என்றார். அதுவும் சரிதான். பாடி கட்டுகிற கம்பெனியில் விசாரித்தால் வண்டி விலையில் பாதி கேட்டார்கள். என் தையல் மெஷினுக்கு மோட்டார் வாங்க ஒதுக்கியதுதான் கையில் இருந்தது. அதற்குள் முடிந்தால் கட்டுவது, இல்லாவிட்டால் வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுவது என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டோம். வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய தேதி வேறு பதினாறு நாளில் இருந்தது, அதில் தேறாவிட்டால் ரோட்டில் ஓட்டவே கூடாது.

உன் மாமா கட்டடம் இடிக்கிற குழுவில் மேஸ்திரியாக இருக்கிறான் அல்லவா, அந்த வாரம் ஒரு பழைய உள்விளையாட்டரங்கத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். தரையாகப் பதித்திருந்த பலகைகளை, எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிட்டார்களாம். மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட பலகை, இரும்பு மாதிரி மரம். இரும்புச் சட்டம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது, விளம்பரப் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்ததாம். கடைக்காரர் விலையில் ஒரு காசு இறங்கவில்லை. அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம் தைத்துத் தருகிறேன் என்றேன், தராசையே பார்க்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அளவு எடுப்பதில்தான் கூத்து. உன் மாமா மூன்று தடவை அளந்தான், மூன்று தடவையும் மூன்று அளவு வந்தது. சக்கரத்துக்கு மேலே வளைவு, முன்பக்கம் ஒரு மேடு, பார்த்துக்கொண்டே நின்ற எனக்குப் பொறுக்கவில்லை. காக்கித் தாளை விரித்து, குண்டூசி குத்தி, ஒரு பாவாடைக்கு வெட்டுகிற மாதிரி வெட்டிக் கொடுத்தேன். "வண்டிக்குப் பாவாடையா தைக்கிறீங்க?" என்று தீப்பொறி விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் அந்தத் தாளை வைத்துத்தான் இரும்பை அறுத்தாள், நூல் பிசகாமல் உட்கார்ந்தது. சட்டத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு வெல்டிங் செய்யக் கூடாதாம், பள்ளம் மேட்டில் அடிச்சட்டம் முறுக்கிக் கொடுக்குமாம், நடுவில் ரப்பர் வைத்து போல்ட் போட்டாள். கையைத் தூக்கினால் கிழியாமல் இருக்க அக்குளில் கொஞ்சம் துணி விட்டுத் தைப்போமே, அதே சமாச்சாரம்தான்.

அப்பா முதல் நாள் எட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து குறை சொன்னார். நான்காம் நாள் குறை சொல்லிக்கொண்டே துருவைத் தேய்த்தார், ஆறாம் நாள் பெயிண்ட் டப்பாவும் கையுமாகப் பாட்டு முணுமுணுத்தார். நான் காதில் விழாதது போல இருந்தேன், கேட்டதாகத் தெரிந்தால் நிறுத்திவிடுவார். பலகை எல்லாம் போட்டு இறுக்கி முடித்து, சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது டீசல் போட பம்புக்குப் போனோம். பம்பில் இருந்த பெண் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "சார், இதுக்கு வாய் எங்க இருக்கு?" என்றாள். டீசல் ஊற்றுகிற குழாய் மூடியோடு பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது, விரலை நுழைக்கக்கூட இடமில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. போச்சு, மறுபடி ஜன்னல் ஓரம்தான் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தோள் குலுங்குகிறது, மனுஷர் சிரிக்கிறார்! முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, "தையல்காரியைக் கூட்டு சேர்த்தேன் பாரு, வண்டிக்கு வாயையே தைச்சுட்டாளே!" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன், சிட்டு. வீட்டுக்கு வந்து பலகையில் சதுரமாக ஓர் ஓட்டை அறுத்து, கீல் வைத்து, சட்டைப் பாக்கெட்டுக்கு மூடி வைப்பதுபோல ஒரு மூடி வைத்தேன். அறுத்தது நானேதான், ரம்பம் பிடித்த கை இன்னும் காய்த்திருக்கிறது.

வின்ச்சைச் சோதித்துப் பார்க்கக் கடையில் மெஷின் ஒன்றும் இல்லை. உன் மாமா, "அக்காவை உட்கார வெச்சு இழுங்க அத்தான், அக்கா ஏறிட்டா எந்த மெஷினும் ஏறிடும்" என்றான். அவனை அப்புறம் கவனித்துக்கொண்டேன். ஆனாலும் சக்கரம் வைத்த தள்ளுபலகையில் நாற்காலியைக் கட்டி உட்கார்ந்தேன், அப்பா ஒற்றைக் கையால் சுற்றச் சுற்ற நான் ராணி மாதிரி மேலே ஏறிப் போனேன், தெருவே கைதட்டியது. சோதனை அதிகாரி கறாரான ஆள். ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிப் பார்த்தார், பின்னால் சிவப்புப் பட்டை ஒட்டவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார், ஒட்டிக்கொண்டு ஓடினோம். "யார் கட்டினது?" என்று கேட்டார். அப்பா, "இவ வெட்டினா, அந்தப் பொண்ணு ஒட்டினா, நான் பெயிண்ட் அடிச்சேன்" என்றார். அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் புதுப் பாடி என்று வண்டிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நேற்று முன்தினம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற சலவைக் கடையிலிருந்து பெரிய மெஷின் ஒன்றை எடுத்துவர அப்பா தனியாகவே போனார், நானும் வருகிறேன் என்றதற்கு முறைத்தார். ஷட்டரை முழுதாகத் தூக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றேன். வந்து இறங்கி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, "மெஷினுக்கு அடியில என் கை போகவே இல்ல" என்றார். சின்னப் பிள்ளை பரீட்சைத் தாளைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

நீ சீரும் சிறப்புமாக, நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. முக்கியமான விஷயம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். இதை உன்னிடம் தானே சொல்ல வேண்டும் என்று ஆசையாகக் காத்திருக்கிறார், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று குளியலறையில் ஒத்திகைகூட நடக்கிறது. அவர் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து ஆச்சரியப்படு, நடுநடுவே "அப்புறம்?" என்று கேள். இந்தக் கடிதம் உனக்கு வரவே இல்லை.

என்றும் உன் நினைவாக,
அம்மா