குப்பைத்தொட்டியில் கிடந்தவை

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் அதே கூத்து. சமையலறை முழுக்க முட்டை ஓடு, காப்பித் தூள், கோழி எலும்பு. காப்பித் தூளை மிதித்த கால்தடம் முன்னறை வரை போகிறது. திருடன் முகவரி எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி.

நாய்கள் இரண்டும் கூட்டுக் களவாணிகள். வாலுவுக்கு உயரம் இருக்கிறது, அறிவு இல்லை. கிழவிக்கு அறிவு இருக்கிறது, இடுப்பு இல்லை. வாலு தொட்டியைக் கவிழ்க்கும். கிழவி அசைந்து அசைந்து வந்து நல்லதாகப் பொறுக்கித் தின்னும். நான் கத்தினால் வாலு மேசைக்கு அடியில் ஒளியும். கிழவி மட்டும் நிதானமாக நடந்துபோய் முன்னறையில் என் மனைவியின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்ளும். அங்கே போய்விட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும்.

"விடுங்க, வாய் இருக்கு, திங்குது," என்றாள் கட்டிலில் இருந்து. சிரித்தாள். வாயெல்லாம் புண், அதனால் உடனே முகம் சுளித்தாள். ஆனாலும் சிரித்தாளே. எலும்பு அள்ளுகிற சலிப்பு போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

மூடியின் மேல் செங்கல் வைத்தேன். வாலு தொட்டியோடு சேர்த்துச் செங்கலையும் தள்ளிவிட்டது. தரை டைல் விரிசல் விட்டுவிட்டது. செங்கலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவெல்லாம் சரி பண்ணுகிறவனுக்கு ஒரு குப்பைத்தொட்டியை மூடத் தெரியவில்லையா என்று ரோஷம் வந்துவிட்டது. பட்டறையில் கிடந்த பழைய ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காந்தப் பட்டையை உரித்து, மூடியைச் சுற்றி ஒட்டினேன். தொட்டியைச் சுவரோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டேன். மூடினால் 'டப்'பென்று ஃப்ரிட்ஜ் மாதிரியே சத்தம். வாலு முகர்ந்தது, பிறாண்டியது, உட்கார்ந்து யோசித்தது. கிழவி தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது, மேஸ்திரி மாதிரி.

மகளிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். "அம்மா எப்படி?" என்றாள். புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து உள்ளங்கால் தோல் உரிகிறது, எது தின்றாலும் எரிகிறது என்கிறாள் என்றேன். ஊசி மருந்தெல்லாம் முடிந்து, இனி வயிற்றில் இருப்பதைப் பிடித்து நிறுத்த இந்த மாத்திரை ஒன்றுதான். மகளுக்கும் தெரியும். இருந்தாலும் மறுபடி சொன்னேன்.

மார்ச் 12, புதன்

வேலைக்குப் போய்விட்டு வந்தால் அவள் சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வியர்த்திருக்கிறது.

"இந்த மூடி எனக்குத் திறக்க வரலைங்க."

எதற்கு எழுந்து வந்தாய், டிஷ்யூவை மேசையிலேயே வை, நான் வந்து போட மாட்டேனா என்றேன்.

"நான் வாய் துடைச்ச காகிதத்தைக்கூட நீங்கதான் பொறுக்கணுமா? அது ஒண்ணையாவது நான் பண்றேன்."

குளிக்க வைப்பதும் நான், தலை வாரிவிடுவதும் நான். அவளுக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. காந்தப் பட்டையில் பாதியை உரித்து எடுத்தேன். கம்பியை அவிழ்த்து, தொட்டியை முன்னறைக் கதவோரம், அவள் எட்டி நடக்கிற தூரத்தில் வைத்தேன். அவள் ஒரு விரலால் திறந்து மூடிப் பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம்.

மார்ச் 18, செவ்வாய்

கிழவி போய்விட்டது.

மத்தியானம் வேலையில் இருந்தேன். இவள் போன் செய்தாள். "கிழவி வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கு, காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது, சீக்கிரம் வாங்க." தொட்டி கவிழ்ந்து கிடந்தது. எலும்பு ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து வேனில் போட்டுக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் அதற்கு உதறல். ஒரு கையால் வண்டி ஓட்டி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன்.

நாய் டாக்டரம்மா ஊசி மேல் ஊசி போட்டார். பிறகு ஒரு தட்டை என்னிடம் காட்டினார். வாந்தியில் வந்தது. ஊறிப்போன டிஷ்யூ, அதற்குள் ரோஸ் நிறத்தில் பாதி கரைந்த மாத்திரைகள்.

"வீட்ல யாருக்காவது கேன்சர் மாத்திரை ஓடுதா?"

ஓடுகிறது என்றேன்.

"இது நாய்க்கு விஷம். ஒண்ணே போதும். இது நிறைய தின்னிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவங்க மாத்திரை போட்டுக்கிறாங்களான்னு பாருங்க," என்றார்.

அதன் தலை என் முழங்கையில்தான் இருந்தது. கடைசியில் இழுப்பு நின்றது. கண் மூடவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டாள், "என்னாச்சு?"

"வயசாயிடுச்சும்மா. இதயம் நின்னுபோச்சாம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது.

மார்ச் 19, புதன்

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலு குழியோரம் உட்கார்ந்து என் முகத்தையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தது.

பிறகு கையுறை போட்டுக்கொண்டு குப்பை முழுவதையும் தாளில் கொட்டிப் பார்த்தேன். சின்னச் சின்ன டிஷ்யூ உருண்டைகள். ஒன்றைப் பிரித்தேன். இன்னொன்றை. அப்புறம் பிரிக்கவில்லை. எல்லாம் அதேதான்.

தொட்டியைப் பாத்திர அலமாரிக்குள் வைத்து மேல் தாழ்ப்பாள் போட்டாயிற்று. இனி எந்த நாயும் தொட முடியாது. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று எதை நினைக்கக் கூடாதோ அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கட்டிலருகே மூடி போட்ட ஒரு டப்பா வைத்தேன். "டிஷ்யூவை இதுல போட்டுக்கோ. எந்திரிச்சு நடக்க வேண்டாம்."

"சரிங்க," என்றாள்.

மார்ச் 21, வெள்ளி

கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாளே. தெரிந்த விதத்தைச் சொன்னால் அவளே கிழவிக்கு விஷம் வைத்ததாக ஆகிவிடாதா?

மார்ச் 23, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்தேன். என் கையால்தான் கொடுத்தேன். வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள், தலையைக்கூட நிமிர்த்தி விழுங்குகிற மாதிரி செய்தாள். பிறகு டிஷ்யூவால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். வித்தைக்காரி.

நான் டம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். என்னடா மனுஷன் நீ? பொண்டாட்டி கண்ணு முன்னாடி சாகிறதுக்கு வழி பண்ணிக்கிட்டு இருக்கா, நீ டம்ளர் கழுவிக்கிட்டு இருக்கே? பிடிச்சு உலுக்கியிருக்க வேண்டாமா? ஏன்டி இப்படிப் பண்றேன்னு கேட்டிருக்க வேண்டாமா?

அவள் துப்புகிறாள். நான் அள்ளுகிறேன். இரண்டு பேருமாகக் குடும்பம் நடத்துகிறோம்.

மார்ச் 27, வியாழன்

தாங்க முடியாமல் மகளிடம் சொல்லிவிட்டேன். போனில் அவள் அழுவது கேட்டது. பிறகு கோபம்.

"கிழவி எப்படிச் செத்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லுங்கப்பா. அதைக் கேட்டா பயந்தாவது மாத்திரையைப் போட்டுக்குவாங்க."

"அதைச் சொல்லிப் போட வைக்கிறதா? என்னால முடியாதும்மா."

"அப்ப அம்மா போனா பரவாயில்லையா?"

பெற்ற பெண் இப்படிக் கேட்டுவிட்டாளே என்றுகூட வருத்தமில்லை. அவள் கேட்டதைத்தான் நானும் எந்நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

கேட்டுவிட்டேன். நாய் பேச்சை எடுக்காமல் கேட்டேன். காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "மாத்திரையை விழுங்க முடியலையா?" என்றேன்.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"டப்பாவைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"திட்டுங்க."

"திட்டலை. ஏன்னு சொல்லு."

"தண்ணி குடிச்சாக்கூட நெருப்பு. உங்க கையால கஞ்சி குடுக்கறீங்க, அது என்ன ருசின்னே எனக்குத் தெரியலை. இதைத் தின்னா எத்தனை நாள் கூடக் கிடைக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டேன், நீங்க வண்டி எடுக்கப் போன நேரத்துல. 'கொஞ்சம்'னு சொன்னார். இப்படியே கொஞ்சம் எனக்கு எதுக்கு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க கெஞ்சுவீங்க. நீங்க கெஞ்சினா நான் போட்டுக்குவேன். அதான் சொல்லலை."

நான் கெஞ்சத்தான் வாயைத் திறந்தேன். கெஞ்சத்தான் வந்திருந்தேன். அவள் பாதம் என் மடியில், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து. கெஞ்சவில்லை. எண்ணெயைத் தடவி முடித்தேன்.

கடைசியில் கேட்டாள், "கிழவி... அதைத் தின்னுடுச்சா?"

"சேச்சே. வயசு. அன்னிக்கே சொன்னேனே."

"சரி," என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இருவரும் போய் டாக்டரிடம் சொன்னோம். அவர் வாதாடுவார் என்று பயந்தேன். வாதாடவில்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வலிக்கு என்ன கொடுப்பது, மூச்சுக்கு என்ன செய்வது என்று பேசினார். மிச்ச மாத்திரைகளை அங்கேயே திருப்பிக் கொடுத்தேன்.

வண்டியில் அவள் தூங்கிவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

ஏப்ரல் 16, புதன்

வாய்ப்புண் ஆறிவிட்டது. "முட்டை பொரிச்சுத் தாங்க, மிளகு தூக்கலா," என்றாள். பொரித்தேன். "உப்பு கம்மி," என்றாள்! அவள் குறை சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. இன்னொன்று பொரித்தேன். பாதி தின்றாள், பாதி வாலுவுக்குப் போட்டாள்.

மகள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாள். அம்மாவும் பெண்ணும் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள். நான் வேலைக்குப் போகவில்லை. ஊரில் ஃப்ரிட்ஜ் கெட்டால் கெட்டுப்போகட்டும்.

மே 3, சனி

இன்று வெளியே நாற்காலி போடச் சொன்னாள். கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். கிழவியைப் புதைத்த இடத்தில் புல் வந்திருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"என் கட்டிலுக்கு அடியில இருந்த அதோட படுக்கையை நீங்க உதறினப்போ பாத்தேங்க. டிஷ்யூத் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்துது. ரோஸ் கலர்ல."

நான் அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க நடிக்கத் தெரியாத ஆளு. பொய் சொன்னா சட்டைப் பொத்தானைத் திருகுவீங்க. அன்னிக்கும் திருகினீங்க. நம்பிடலாம்னுதான் பாத்தேன்."

"மூடியைத் தளர்த்தினது நான்தானே," என்றேன்.

"யாருக்காகத் தளர்த்தினீங்க? என் கைக்காக. போட்டது நான். அதை நீங்க சுமக்க வேண்டாம். நானும் தனியா சுமக்கலை. அழணும்னா இப்பவே சேர்ந்து அழுதுடலாம்."

அழுதோம். மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, எதற்கென்று கேட்காமல் தானும் உட்கார்ந்து அழுதாள். வாலு எல்லோர் கையையும் ஒவ்வொன்றாக நக்கியது. அதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது.

மே 22, வியாழன்

காலையில் போய்விட்டாள். வலி இல்லை. என் கை அவள் தலைமேல் இருந்தது.

மே 29, வியாழன்

வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். முன்னறை இவ்வளவு பெரிசா?

ஜூன் 4, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மகள் விரட்டி விரட்டி இன்று முதல் தடவையாக வேலைக்குப் போனேன். ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா வீடு. ஃப்ரிட்ஜில் மேல் தட்டு மட்டும் குளிர்கிறது, கீழே குளிரவில்லை. பின்பக்கம் ஐஸ் கட்டி காற்று வழியை அடைத்திருந்தது. உருகவிட்டுக் காத்திருந்தேன்.

அவர் வீட்டில் இரண்டு நாய்கள். பேசிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தார். "இதுங்களோட ஒரே தொல்லை. குப்பையை வைக்கவே விடறதில்லை. தினமும் இதே வேலை."

நான் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டு வந்த வேலையைப் பார்த்திருக்கலாம்.

"தொட்டியைக் கதவு போட்ட அலமாரிக்குள்ள வைங்கம்மா. மேல ஒரு தாழ்ப்பாள். மூடியெல்லாம் நம்பாதீங்க," என்றேன். பிறகு, "மாத்திரை எதையும் குப்பையில போடாதீங்க. மருந்துக் கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏன், ஏதாவது ஆச்சா?"

யாருக்கும் இதுவரை நான் முழுதாகச் சொன்னதில்லை. மகளுக்குக்கூட அழுகைக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான். அந்தம்மா யாரோ, நான் யாரோ. ஆனால் சொன்னேன். முதலிலிருந்து சொன்னேன். கிழவி எலும்பு பொறுக்குகிற அழகைச் சொன்னபோது அவர் சிரித்தார். மற்றதைச் சொன்னபோது துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க வீட்டம்மா நல்லவங்க போலிருக்கு," என்றார்.

"கொஞ்சம் பிடிவாதம்," என்றேன்.

அதற்குள் ஐஸ் உருகி முடிந்திருந்தது. கதவைச் சாத்தி, கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழ்த்தட்டும் குளிர ஆரம்பித்தது.