சாம்பிள் ரூம்

12-6-2008, வியாழன்
இன்று இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஐடிஐ முடித்து இந்தக் கம்பெனிக்கு அப்ரண்டிஸாக வந்தபோது வேன் கொள்ளாத கூட்டம். இப்போது நானும் ரைசாவும்தான் மிச்சம். போனவர்களெல்லாம் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கிற பவர் டேபிளில் டெய்லர், கை நிறையச் சம்பளம். ரோட்டில் பார்த்தால், "இன்னும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று ஒரு சிரிப்பு வேறு.

சிரிக்கட்டும். அங்கே நாள் முழுக்க ஒரே தையல்தான். கழுத்து என்றால் கழுத்து மட்டும், கை என்றால் கை மட்டும். நான் முழுச் சட்டை தைக்கப் போகிறவள். வருஷம் முடித்துப் பரீட்சை பாஸானால் ஆர்டருக்கு மாதிரிச் சட்டை தைக்கிற சாம்பிள் ரூமில் போடுவதாக மேனேஜரே சொல்லியிருக்கிறார். அங்கே ஏசி உண்டு. ஏசிக்காக இல்லை. சரி, கொஞ்சம் ஏசிக்காகவும்தான்.

6-8-2008, புதன்
ஐடிஐயிலிருந்து மயில்சாமி சார் எங்களைப் பார்க்க வந்தார். "நீங்க ரெண்டு பேராச்சும் முடிச்சுருங்க கண்ணு. இல்லீனா அடுத்த வருசம் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் புள்ளைகளக் கூப்பிடறது?"

ரைசா இன்றும் கழுத்துப்பட்டி முடிகிற இடத்தில் இரண்டு தடவை திருப்பி அடித்துத் திட்டு வாங்கினாள். "பிரிஞ்சிரக் கூடாதுல்ல வேல்விழி" என்கிறாள். திருந்தமாட்டாள்.

22-10-2008, புதன்
அமெரிக்கா ஆர்டரெல்லாம் நின்றுபோச்சாம். "தீபாவளி முடிஞ்சு லைன் ஓட நாளாகும். எல்லாரும் மெதுவா வாங்க" என்றார் போர்மேன். வீட்டில் அய்யாவுக்கு அது போதும், சொந்த ஊர் உசிலம்பட்டிக்குப் போக இப்பவே பையைக் கட்டிவிட்டார். ரைசாவுக்கு இதே ஊர்தான், வீடு ராயபுரத்தில். அவள் எங்கே போவாள்?

2-11-2008
ஊரில். மழை, கறிச்சோறு, தூக்கம். மெஷின் ஞாபகமாகவே இருக்கிறது.

17-11-2008, திங்கள்
போச்சு.

போர்மேன் சொன்னது டெய்லர்களுக்குத்தானாம். லைன் ஓடாவிட்டாலும் அப்ரண்டிஸ் தினமும் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சொல்லாமல் லீவு போட்டேன் என்று என் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். பரீட்சை எழுத முடியாது.

எவனாவது ஒரு வார்த்த சொன்னானா? எல்லாரும்னுதான அந்த ஆளு சொன்னாரு! அந்த எல்லார்ல நா இல்லையா? வாட்ச்மேனத் தவுத்து ஆளே இல்லாத கம்பெனிக்கு வந்து என்னத்தக் கத்துக்கிறது?

ரைசாவுக்கும் இந்தச் சட்டம் தெரியாது. வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து போயிருக்கிறாள், தப்பித்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவள்மேல் தப்பில்லை. தெரியும். இருந்தாலும் பிடிக்கவில்லை.

20-11-2008
மயில்சாமி சார் எங்கள் வீட்டுக்கே வந்தார். "ஆபீஸ்ல எல்லார்த்துகிட்டயும் கேட்டுப் பாத்துட்டனுங்க. ஆகலைங்க" என்று அய்யாவிடம் சொன்னார். அவர் போன பிறகு அய்யா சோற்றைத் தொடவில்லை. "நாந்தானத்தா ஒன்னைய ஊருக்கு இழுத்துட்டுப் போனேன்." அம்மாவும் நானும் மாறி மாறிக் கெஞ்சினோம்.

1-12-2008
பவர் டேபிளில் சேர்ந்தேன். கை.

7-5-2009
ரைசாவுக்கு இன்று பரீட்சை. எங்கள் செட்டில் அவள் ஒருத்திதான். காலையில் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

24-8-2009, திங்கள்
டவுன் பஸ்ஸில் மயில்சாமி சார். இளைத்திருந்தார். இந்த வருஷம் அப்ரண்டிஸுக்கு ஒருத்தருமே பேர் கொடுக்கவில்லையாம், நேராகப் பவர் டேபிளுக்குப் போகிறார்களாம். ஏன் சார் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி கேட்டேன்.

"அந்த வேல்விழி அக்காளுக்கு ஆனதப் பாத்தோமல்லங்றாங்க கண்ணு."

என் ஸ்டாப் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன்.

9-9-2009, புதன்
பழைய கம்பெனியின் ஆர்டர் எங்கள் பவர் டேபிளுக்கு வந்திருக்கிறது. குழந்தைச் சட்டை, மஞ்சள். சாம்பிளை ஆணியில் மாட்டியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கழுத்துப்பட்டி முடிகிற இடத்தில் இரண்டு தடவை திருப்பி அடித்திருந்தது.

நன்றாகத் தைத்திருக்கிறாள். எங்குமே ஒரு சுருக்கம் இல்லை. பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. சட்டையில் கண்ணீர் பட்டுவிடப் போகிறதே என்று தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"கை தெக்கிற புள்ள யாரு? இந்தச் சாம்பிள்ல இருக்கற மாதிரியே வரோணும்" என்றார் காண்ட்ராக்டர்.

வரும் என்றேன். சாயங்காலம்வரை அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை தைத்தேன்.