சயனைடு மேட்டுக் குருவி

ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்கவயல்
11 ஜனவரி 1904

பட்டணத்துப் புலவர் ஜெயகரன் அண்ணனுக்கு, தங்கை ஜூடித் எழுதுவது.

பத்திரிகையில் இருக்கிறாய், பத்திரமாகவும் இரு. இங்கே எல்லோரும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். அதுதான் என் குறை. எனக்குப் பதினாறு முடிந்துவிட்டது. பங்காருபேட்டை ரயிலடியைத் தாண்டி ஒன்றும் பார்த்ததில்லை. "உனக்கு இன்னாடி, காலுல சக்கரமா?" என்கிறாள் அம்மா. சக்கரம் இருந்தால் இந்நேரம் சென்னைக்கு உருண்டு வந்திருப்பேன்.

வேறு வழியில்லாமல் பேத்தமங்களாவுக்கு ஓடினேன். சித்தப்பாவுக்கு அங்கே பம்பு வீட்டில் வேலை கிடைத்ததிலிருந்து மரியகுழந்தை சித்தி வீடுதான் எனக்கு வெளியூர். ஏரியில் ஒரு முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறது. அது முழுகும்போதெல்லாம் நானும் மூச்சைப் பிடித்தேன். ஏழு தடவை பிடித்து ஏழு தடவையும் தோற்றேன். குஞ்சுகள் மட்டும், நின்ற தரை திடீரென்று காணாமல் போனவர்களைப் போல மேலே விழித்துக்கொண்டு மிதந்தன.

உன் பத்திரிகையில் ஒரு பிரதியாவது அனுப்பக்கூடாதா? உன் கவி எங்கள் கண்ணில் பட்டால் கவிழ்ந்துவிடுமா?

உன் வாலு,
ஜூடித்


சென்னை
20 ஜனவரி 1904

அன்புத் தங்கை ஜூடித்துக்கு ஆசீர்வாதம்.

கடிதத்தை மூன்று முறை படித்தேன். முக்குளிப்பானின் அலகு என்ன நிறம்? நண்பகலில் எங்கே ஒதுங்குகிறது? வாலுத்தனத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டி எழுது.

எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இயற்கைப் பகுதி முழுவதும் இப்போது என் பொறுப்பு. என் உரைநடையில் ஏரிக்காற்று வீசுகிறது என்கிறார் ஆசிரியர். பிரதிகள் மிச்சமாவதில்லை, அதனால்தான் அனுப்பவில்லை. வாரம் ஒரு கடிதமாவது போடு. அப்பாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

ஜெயகரன்


ஸ்கெலட்டன்
3 பிப்ரவரி 1904

ஏரிக்காற்று அண்ணனுக்கு,

நேற்று எங்கள் டீச்சர் ஐடா அம்மாள் வீட்டுக்குப் போனேன். அலமாரி நிறையப் பத்திரிகைகள். நின்றபடியே படித்ததில் கால் மரத்துப்போனது. அது கிடக்கட்டும். தங்கவயலில் பிறந்ததால்தான் நான் தங்கை போலிருக்கிறது. தோண்டு, இன்னும் கிடைக்கும்.

இதோ புதுசு. நம் சயனைடு மேட்டின் உச்சியில் சாம்பல் நிறக் குருவி ஒன்று கூடு கட்டியிருக்கிறது. சுரங்கத்திலிருந்து பொறுக்கி வந்த மெழுகுவத்தித் துண்டுதான் அஸ்திவாரம். ஷிஃப்டு சங்கு ஊதியதும் ஆண் கூட்டைவிட்டு இறங்கும், பெண் ஏறி அடைகாக்கும். அடுத்த சங்கு வரை அசையாது. ஞாயிற்றுக்கிழமை சங்கு இல்லை. அன்றைக்கு இரண்டும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

வேறு யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். உனக்குத்தான் இந்த ஊர் தெரியுமே.

ஜூடித்


சென்னை
9 மார்ச் 1904

என் கண்ணான தங்கைக்கு,

குருவிக் கட்டுரை முதல் பக்கத்தில் வந்துவிட்டது. திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வாசகர்கள் எழுதுகிறார்கள். பறவைகளை ஆராய்கிற துரை ஒருவர் கூட்டை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். இருபத்தெட்டாம் தேதி அவரோடு நானும் வருகிறேன். அவர் பார்த்து ஆமென்று சொல்லிவிட்டால் என் கட்டுரைகளையும் பாட்டுகளையும் புத்தகமாகப் போடுவதாக ஆசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். மூன்று வருஷமாக நான் தட்டிக்கொண்டிருந்த கதவு இது, ஜூடித்.

அப்பாவுக்கு ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். கூடு கலையாமல் பார்த்துக்கொள்.

ஜெயகரன்


ஸ்கெலட்டன்
14 மார்ச் 1904

அண்ணனுக்கு,

சயனைடு மேட்டில் நீயும் நானும் எத்தனை நாள் சறுக்கி விளையாடியிருக்கிறோம். தங்கம் பிரித்தபின் கொட்டிய அந்த விஷ மண்ணில் ஒரு புல் முளைத்துப் பார்த்திருக்கிறாயா? ஓர் எறும்பு? அங்கே கூடாம், குஞ்சாம். மூன்று வருஷத்தில் மேட்டையே மறந்துவிட்டாய்.

ஐடா அம்மாள் வீட்டில் நான் படித்தது உன் பத்திரிகையைத்தான். நான் எழுதியதில் கொஞ்சத்தை நாலாக மடித்து வெண்பா ஆக்கியிருந்தாய். மீதியை மடிக்காமலே போட்டிருந்தாய். நான் மூச்சைப் பிடித்துத் தோற்றது வரைக்கும் உன் பெயரில் இருந்தது. தோல்வியையாவது எனக்கு விட்டிருக்கலாம்.

சுரங்கத்தில் தங்கக் கல் திருடனைப் பிடிக்கக் காவல் ஜமேதார் என்ன செய்வார்? நல்ல கல் ஒன்றில் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் குவியலோடு போட்டுவிடுவார். யார் மடியில் புள்ளி அகப்படுகிறதோ அவன்தான் ஆள். குருவி நான் போட்ட கல்.

ஆனால் மாட்டியது நீயில்லை. அப்பா உன் பிரதியை வேலைக்கு எடுத்துப் போனார். சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்கு வரிசையில் நிற்கும்போது, "எம்மவன் எழுதினது, கேளுங்கடா" என்று டைம் கீப்பர் மாணிக்கராஜைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பாதியிலேயே எவனோ, "இன்னாபா ஏசுபாதம், உம்புள்ள இந்த ஊருலதான் பொறந்தானா?" என்று கேட்க, ஷிஃப்டு முழுவதும் சிரித்திருக்கிறது. அப்பா வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். இதில் என் தப்பு பெரிசு. சொல்லிவிட்டேன். உன் தப்பை நீ சொல்.

ஜூடித்


சென்னை
19 மார்ச் 1904

ஜூடித்,

உன்னைத் திட்டி எழுதிய இரண்டு கடிதங்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். என் அறையில் ஒரு ஜன்னல். அது அடுத்த வீட்டுச் சுவரைப் பார்க்கிறது. இங்கே வந்தபின் சொந்தமாக ஒரு பாட்டுகூட எனக்கு வரவில்லை. உன் கடிதம் வரும் நாளில்தான் கண் திறக்கிறது. அதைத் திருட்டு என்று நான் நினைத்ததில்லை. ஒரே வீட்டுச் சோறு என்று நினைத்தேன்.

குருவி கூட்டைவிட்டுப் பறந்துவிட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. துரை வரமாட்டார், புத்தகம் வந்துவிடும். பெண்பிள்ளை எழுதியது என்றால் யார் வாங்குவார்கள்? முன்னுரையில் உனக்கு நன்றி சொல்கிறேன். ஒரே ஒரு வரி, தாயே.

ஜெயகரன்


ஸ்கெலட்டன்
24 மார்ச் 1904

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லாத குருவியைப் பறக்கவிட எனக்குத் தெரியவில்லை. உன் ஆசிரியருக்கு நேற்று நானே எழுதிவிட்டேன். மேட்டுக் குருவி பொய், அதைச் செய்தவள் நான். மற்றவை மெய், அவற்றைப் பார்த்தவளும் நான். இவ்வளவுதான் எழுதினேன். என் பெயரையும் விலாசத்தையும் கீழே போட்டேன். கடிதத்தை அவர் கிழித்தெறிந்தாலும் என் பெயரோடுதானே கிழியும்.

அப்பாவிடமும் சொன்னேன். "அப்ப உங்கண்ணன் இன்னாதான் எழுதினான்?" என்றார். அவரே உன்னிடம் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வாரம் ஒரு கடிதம் கேட்டிருந்தாய். தவறாமல் வரும், வீட்டுச் செய்தி மட்டும்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. சித்தியும் சித்தப்பாவும் சுகம். திங்கட்கிழமை காலையில் பேத்தமங்களாவுக்குப் போய், சாயங்காலம்வரை கரையில் இருந்துவிட்டு வந்தேன். ஏரியில் தண்ணீர் இருக்கிறது.

இப்படிக்கு,
ஏ. ஜூடித்