குறை சொல்லாத வாயாடிக்கு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தம்பியும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், உன் சுகத்தைத்தான் நம்ப முடியவில்லை. போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாய், கடிதமென்றால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, தலைகால் புரியாமல் அலைகிறான். மேல்வீட்டுத் தையல்காரம்மா மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். இரண்டு பேரும் பிரிந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன், மூடி மறைக்க இனி எனக்குத் தெம்பு இல்லை.

ஆஸ்பத்திரியில் இன்னும் அதே டாக்டர் அறை வாசலில் நின்றுதான் பேர் கூப்பிடுகிறேன். புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்கள் என்னைப் பிடுங்கித் தின்றுவிடுவார்கள், எவ்வளவு நேரம் உட்கார வைப்பீங்க, ஃபேன் ஓடல, டாக்டர் முகத்தக்கூட நிமிர்ந்து பாக்கல என்று ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார்கள். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று கத்திவிட்டுப் போன ஒருத்தர் மறுவாரமே முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார், பெண்டாட்டி இழுத்து வந்திருக்கிறாள். தனியாக வருகிறவர்களில் பலர் அப்படியில்லை, எல்லாம் நல்லா இருக்கு என்று சிரித்துவிட்டுப் போவார்கள், அதற்கப்புறம் வரமாட்டார்கள். பஸ் கண்டக்டரம்மா ஒருத்தி, அவளும் புருஷனைப் பிரிந்தவள்தான், மார்பில் கட்டியோடு வந்தாள். டெஸ்டுக்கு வரச் சொன்னார்கள். உங்க ஆஸ்பத்திரி மாதிரி வராதும்மா என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள், நானும் அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். டெஸ்டுக்கு அவள் வரவே இல்லை. மழைக்காலம் முடிந்து ஸ்ட்ரெச்சரில் வந்தாள். ஏம்மா வரல என்று கேட்டேன். போயிட்டு வந்தா யார்கிட்ட சொல்றது, அதான் அப்படியே விட்டுட்டேன் என்றாள். அவள் வீடு திரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய், யோசித்துப் பார். கட்டி சின்னதுதாம்மா, டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க, மெதுவா போலாம், இங்க ஆஸ்பத்திரில எல்லாரும் தங்கமானவங்க என்றாய். சின்ன வயதில் ஊசி போட்ட நர்ஸுக்கு ஊசியே பிடிக்கத் தெரியவில்லை என்று ஊரைக் கூட்டியவள் நீ. மாப்பிள்ளையோடு இருந்தபோதும் அந்த நாட்டு டாக்டர்களை மணிக்கணக்கில் திட்டுவாய், அவர் பக்கத்திலிருந்து ஒத்து ஊதுவார். அந்த வாயால் இப்படிப் புகழ்ந்ததும் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. உன் அப்பா போனபிறகு என் முழங்கால் வலியைக் கேட்பவர்களிடம் நானும் சிரித்துத்தான் மழுப்புகிறேன், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

நீ டெஸ்டுக்குப் போடி என் ராசாத்தி. காத்திருக்கச் சொன்னால் காத்திரு, முகத்தைச் சுளித்துக்கொண்டே காத்திரு. வெளியே வந்ததும் எனக்குப் போன் போடு, இங்கே எந்த நேரமாக இருந்தாலும் சரி. நாற்காலி குத்தியது, நர்ஸ் சிடுசிடுத்தாள், டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஒன்று விடாமல் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன். கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், நீ நீண்ட ஆயுசோடு இருப்பாய். குளிருக்குக் காதைக் கட்டிக்கொண்டு போ, மறந்துவிடாதே. இன்னொரு தடவை மட்டும் எல்லாம் நல்லா இருக்கும்மா என்று சொல்லாதே, என்னால் தாங்க முடியாது.

உன் குறையைக் கேட்க உட்கார்ந்திருக்கும்
அம்மா