செவ்வாய்க்கிழமை நின்றுபோன உயில்

நவம்பர் 12, செவ்வாய்

வழக்கறிஞரான என் கட்சிக்காரர், ஜமைக்காவின் ரெகே இசையில் புகழ்பெற்ற பாடகர். நுரையீரல் நோய் முற்றிவிட்டது. மரணத்தைப் பற்றி எழுதுவது தம் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று மூன்று மாதங்களாக உயிலை மறுத்துவந்தார். உயிலின்றி இறந்தால் நாற்பது ஆண்டுப் பாடல்களின் உரிமை முழுவதும் முன்னைய திருமணத்துப் பிள்ளைகளுக்கே சேரும். பதிவுத் திருமணமின்றி உடன்வாழும் செல்வி அக்காவுக்கு ஒன்றும் கிடைக்காது.

இன்று இரு சாட்சிகளுடன் மோர்னிங்சைட் வீதியிலுள்ள அவர்களுடைய அப்பார்ட்மென்டுக்குப் போனேன். ஒருவழியாகப் பேனாவை எடுத்தார். செல்வி அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இண்டைக்குச் செவ்வாய், தம்பி. நாளைக்கு வாங்கோ."

"அக்கா, உது உங்கட நன்மைக்குத்தானே!"

"அதாலதான் சொல்லுறன், நல்ல நாளில செய்வம்."

பாடகர் நிம்மதியாகச் சிரித்துப் பேனாவை என்னிடமே நீட்டினார்.

நாளைக் காலை எட்டு மணிக்கே போய்விட வேண்டும். எலிவேற்றருக்கு வந்த பிறகும் அவருடைய இருமல் கேட்டது.