பசைக் கிண்ணமும் நூலகச் சுவரும்

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குத் திடீரென்று கடிதம் எழுத என்ன ஆசை என்று உறையைப் பார்த்ததும் நீ சிரித்திருப்பாய். போனில் சொல்ல முடியாத சேதி ஒன்று இருக்கிறது பாப்பா. (நாற்பதைத் தொடப்போகிறவளை இன்னும் பாப்பா என்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே, இந்த வயசுக்கு மேல் எனக்கு வேறு பெயர் வாயில் வராது.) அந்தச் சேதிக்கு வருவேன், நழுவ மாட்டேன். அதற்கு முன்னால் சில்லறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லத் தோன்றாது. என் இடது முட்டி மழைக்கு முதல் நாளே வலித்துவிடுகிறது, வானிலை அறிவிப்பே வேண்டாம், மற்றபடி நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் தம்பிக்கு பஸ் டிப்போவில் ஒருவழியாகப் பகல் ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள், அந்தச் சந்தோஷத்தில் மீசை வளர்க்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை, நீயாவது சொல். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. பிளம்பர் மூன்று முறை வந்து பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார், நாலாவது முறை உன் அம்மா இடுப்பில் கை வைத்துப் பக்கத்திலேயே நின்றாள், அரைமணியில் வேலை முடிந்தது.

போன ஞாயிறு நீ அந்த நூலகச் சுவரைப் பற்றிச் சொன்னாய். குழந்தைகள் பகுதியில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சுவர், இருபத்தெட்டு அடி, சாரம் கட்டித் தருகிறார்கள், ஆறு வாரம், என்ன வரைய வேண்டும் என்பது உன் இஷ்டம், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இத்தனையையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையே, "வேணாம்னு சொல்லிடப் போறேம்பா" என்றாய், என்னவோ கடையில் நின்று முட்டைக்கோஸ் வேண்டாம் என்கிற மாதிரி. ஏன் என்று கேட்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்து வாண்டுக்குக் கோதுமை படாத தனிச் சட்டியில் தனிச் சமையல், பள்ளிக்கூடத்துக்கு டப்பா, பிறகு பன்னிரண்டரைக்கு நீயே போய் அவள் சாப்பிட்டு முடிக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளின் ரொட்டித் தூள் அவள் தட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது, திரும்பும் வழியில் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் படிப்பது, வீட்டுக்கு வந்தால் அடுத்த வேளை. மாப்பிள்ளைக்கோ வாரத்துக்கொரு ஷிப்ட். "நான் சாரத்து மேல நின்னா, கீழ யாருப்பா நிப்பா" என்றாய். நீ என்ன சாப்பிட்டாய் என்றால் வாண்டு வைத்த மிச்சம், அதுவும் நின்றுகொண்டே. கடைசியாக எப்போது வரைந்தாய் என்றால், டப்பா மேல் ஒட்டுகிற சீட்டில் தினம் ஒரு பூனை வரைகிறேனே என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அம்மா நிற்கிறாள், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "நான் போய் ஆறு வாரம் இருந்திருப்பேன். என்னைத்தான் நம்ப முடியாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழவெல்லாம் இல்லை. சாப்பாட்டு மேஜையைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்துச் சுத்தமாக இருந்த மேஜையை.

உன் மனசில் ஒன்று ஓடுகிறது, அது எனக்குத் தெரியும். அப்பா அச்சகத்தில் நாள் முழுக்கப் புத்தகம் பைண்டிங் செய்துவிட்டு வந்து பின்னறையில் முகமூடியும் விரித்தால் எழுந்து நிற்கிற பொம்மைப் புத்தகமும் செய்தாரே, இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவருக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை என்று. ஒருமுறை வாய்விட்டே சொல்லியிருக்கிறாய். அன்று அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை, இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எப்படி முடிந்தது என்று சொல்கிறேன் கேள். உன் அம்மா மருந்துக்கடையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சமைப்பாள். சாப்பிட வாங்க என்று கூப்பிடுவாள், இதோ என்பேன். மறுபடி கூப்பிடுவாள், இதோ இதோ என்பேன். மூன்றாம் தடவை கூப்பிட மாட்டாள், தட்டையே கொண்டுவந்து, என் அட்டைகளை ஓரமாக நகர்த்தி, முன்னால் வைத்துவிட்டுப் போவாள். நீங்கள் இருவரும் சாப்பிட்டீர்களா, பாடம் படித்தீர்களா, பல் விளக்கினீர்களா, எனக்கு ஒன்றும் தெரியாது. என் முகமூடிகளைப் பார்த்து எல்லோரும் கை பிரமாதம் என்று புகழ்ந்தார்கள், அந்தக் கைக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்குத் தட்டு கொண்டுவந்து வைக்க ஆள் இல்லை, அதுதான் வித்தியாசம், உன்னிடம் குறை ஒன்றும் இல்லை.

சரி, சேதிக்கு வருகிறேன். எட்டு மாதத்துக்கு முன் நீங்கள் மூவரும் இங்கே வந்திருந்தீர்களே, அப்போது நடந்ததை மறுபடி சொல்கிறேன், பொறுமையாகப் படி. வாண்டுக்குக் கோதுமை ஆகாது என்பதால் நீங்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே உன் அம்மா ரொட்டி, மாவு, பிஸ்கட் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு ஒழித்தாள், டோஸ்டரைக்கூடப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். முப்பத்தோரு வருஷம் மருந்து அட்டையில் எறும்பு எழுத்துப் படித்தவள், ஒரு பாக்கெட்டை விடவில்லை. என் பின்னறைக்கும் வந்து, "ஒட்டுறதுக்கு இனிமே இதை வெச்சுக்கோங்க" என்று கடையில் வாங்கிய குழாய்ப் பசை இரண்டு கொடுத்துவிட்டுப் போனாள். நீங்கள் வந்த நாலாம் நாள் மத்தியானம் வாண்டு சோறும் சூப்பும் சாப்பிட்டாள். மூன்று மணி சுமாருக்கு உடம்பெல்லாம் தடித்து உதடு வீங்கி இரும ஆரம்பித்தாள். நீ ஒரே பாய்ச்சலில் ஒவ்வாமைக்கு வைத்திருக்கும் ஊசிப் பேனாவை எடுத்துத் தொடையில் குத்தினாய். ஆஸ்பத்திரியில் மறுநாள் வரை வைத்திருந்து நல்லபடியாக அனுப்பினார்கள். வந்ததும் நீ குப்பைத் தொட்டியைக் கவிழ்த்து சூப் பாக்கெட்டைத் தேடி எடுத்தாய், அதன் மடிப்புக்குள்ளே கோதுமையும் கையாளப்படும் ஆலையில் தயாரானது என்று ஒரு வரி இருந்தது. உன் அம்மா முதலில், "எல்லாம் படிச்சேனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கவனிக்காம விட்டுட்டேன் போல" என்று ஒத்துக்கொண்டாள். அதே சூப்பை வாண்டு இரண்டு நாள் முன்பும் குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. அந்தக் களேபரத்தில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கு வந்தது.

சூப் இல்லை பாப்பா, பசை. குழாய்ப் பசை காகிதத்தைச் சுருக்கிவிடும், அதனால் நான் எப்போதும் காய்ச்சுகிற மைதாப் பசையை ஒரு கிண்ணத்தில் துணி போட்டு மூடிப் பின்னறையில் வைத்திருந்தேன். அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் வாண்டு வந்து காகிதக் கிரீடம் வேண்டும் என்றாள். அப்போது உங்களுக்குத் தோன்றவே இல்லையா அப்பா என்று நீ கேட்பாய். யாராவது கேட்டால் தோன்றவில்லை என்று சொல்ல எட்டு மாதமாகத் தயாராக இருந்தேன், யாரும் கேட்கவில்லை. தோன்றியது. மைதாவும் கோதுமைதானே என்று மண்டையில் உறைத்தது, உன்னைக் கேட்கலாம் என்று கிண்ணத்தோடு கதவு வரை வந்தேன். நீ போனில் பேசிக்கொண்டிருந்தாய். அன்று காலை நான் வெளியே ரொட்டி தின்றுவிட்டுச் சட்டையெல்லாம் தூளோடு வந்து வாண்டைத் தூக்கப் போனதற்கு இரண்டு தடவை என்னைத் திட்டியிருந்தாய், நியாயமாகத்தான் திட்டினாய். மூன்றாவது திட்டு வேறு எதற்கு என்று திரும்பிப் போய்விட்டேன். தின்னவா போகிறாள், ஒட்டிக் காய்ந்தால் தீர்ந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினாள், ஒரு தடவை அந்த விரலை வாயில் வைத்ததையும் பார்த்தேன், "ச்சீ, துப்பு" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா, பின்பக்கக் குழாயில் கிண்ணத்தைக் கழுவினேன், கிரீடத்தைக் கிழித்துக் கழிவுக் காகிதத்துக்கு அடியில் போட்டேன், அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டர் எங்கள் எல்லோரையும் பார்த்து, "வேற எதையாவது தொட்டாளா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறையை ஒன்றாம் எண்ணிலிருந்து ஏழாம் எண் வரை படித்துக்கொண்டிருந்தேன். என் பேத்தி மூச்சுக்குத் திணறியது கண்ணெதிரே நின்றது, அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

திங்கட்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். கேரட் சீவிக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள், "எட்டு மாசமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தாள். அந்த சூப் பாக்கெட்டின் மடிப்பை விரித்து வெட்டி அந்த வரி தெரிகிற மாதிரி கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள், உப்பு எடுக்கப் போனாலும் சர்க்கரை எடுக்கப் போனாலும் ஒரு தடவை படிப்பாள், நானும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் வேளாவேளைக்குத் தட்டு வந்து முன்னால் உட்கார்ந்தது, அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். வியாழக்கிழமை வாய் திறந்தாள். "லெட்டர் எழுதுங்க. போன்ல சொன்னா நடுவுல இருமுவீங்க, சிரிப்பீங்க, தம்பி மீசைக்குப் போயிடுவீங்க" என்றாள். என்னை அவளுக்குத் தெரியாதா.

இனி நான் கேட்க நினைப்பதைக் கேட்டுவிடுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, அது உன் இஷ்டம், எப்போது வருகிறதோ வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். நான் வந்து ஆறு வாரம் சமைத்துப் போடுகிறேன் என்று சொல்லத்தான் ஆசை, சொல்ல எனக்கு வாய் இல்லை. உன் அடுப்பங்கரையில் நிற்கிறவர் தப்பே செய்யாதவராக இருக்க முடியாது, அப்படி ஒருவரும் பிறக்கவில்லை, தப்பு நடந்தால் அந்த நிமிஷமே போட்டு உடைக்கிறவராக இருந்தால் போதும். நான் செய்த தப்பையே மறைத்தவன். உன் அம்மா செய்யாத தப்பையே ஒத்துக்கொண்டவள். உன் பிள்ளையை யாரிடம் விடலாம் என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. அவளைப் போகச் சொன்னேன், "அவ கூப்பிட்டாப் போறேன், உங்க சிபாரிசுல போகமாட்டேன்" என்கிறாள். ஆனால் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருக்கிறாள், ஏன் என்றால் பூச்சி வந்துவிட்டதாம், பூச்சி.

சுவருக்குச் சரி என்று நாளைக்கே சொல்லிவிடு, மாசக் கடைசி வரை இழுக்காதே. சாரத்தில் ஏறும்போது செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ஷூ போடு. சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்து சாப்பிடு, மிச்சத்தைத் தின்னாதே. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், உன் கை வலிக்க வலிக்க அந்தச் சுவர் நிறைய வேண்டும், என் மனசார வாழ்த்துகிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே. இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டுத் திட்டத் தோன்றும், அது காத்திருக்கட்டும், முதலில் அம்மாவைக் கூப்பிடு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு, நான் வெளியே போய்விடுகிறேன். அன்று அந்த பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம், "இனிமே என் பிள்ளைக்கு நீ எதுவும் குடுக்காதம்மா" என்றாயே, நான் பின்னறையில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அந்த வார்த்தையை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள். அது எனக்குச் சேர வேண்டியது.

இப்படிக்கு,
உன் அப்பா